பெட்டியில் வைத்தது யார்

தெருவில் யார் விமானம் ஏறினாலும் பெட்டி கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். லாரி பார்சல் ஆபீஸில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். பார்சல்காரர் என்பதே பெயராகிவிட்டது. அவர் கட்டிய பெட்டி மாடியிலிருந்து உருண்டாலும் உள்ளே கண்ணாடி டம்ளர் கீறாது என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் அவரேதான். இத்தனைக்கும் மனிதர் அதுவரை விமானத்துக்குள் கால் வைத்ததில்லை.

வெளிநாட்டில் மகனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவரும் மனைவியும், சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் சேர்ந்து புறப்படுவதாக ஏற்பாடு. சம்பந்தி ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்த மனிதர் எதிரில் தான் ஒரு படி இறங்கிவிடக்கூடாது என்று பார்சல்காரருக்கு உள்ளூர ஓர் உதைப்பு. அதனாலேயே இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் தானே கட்டுவதாக வலிந்து ஏற்றுக்கொண்டார்.

கத்தரிக்கோல், நகவெட்டி, பெரிய ஷாம்பு பாட்டில் எல்லாம் விமானத்தின் அடியில் போகும் பெட்டியில்; மாத்திரையும் மருந்துச்சீட்டும் கைப்பையில். அதுவரை சரிதான். பவர் பேங்க் விஷயத்தில்தான் ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

"பேட்டரி சாமானெல்லாம் கைப்பையிலதான் வைக்கணும்னு பையன் போன்ல சொன்னானே," என்றாள் மனைவி.

"அவன் கிடக்கான். தீப்பிடிக்கிற சரக்கை எவனாவது டிரைவர் பக்கத்துல ஏத்துவானா? ஆளில்லாத பின்பக்கம்தான் போடணும். காலம்பூரா லாரிக்குச் சரக்கு ஏத்தினவன் நானா, நீயா?"

"சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அடிபடாமல் இருக்க அதை அவளுடைய உள்பாவாடைகளுக்குள் சுருட்டி வைத்தார். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, பார்சல் ஆபீஸில் அவர் மட்டுமே போடுகிற முடிச்சையும் போட்டார்.

விமான நிலையத்தில் பெட்டிகள் பெல்ட்டில் போய்ச் சேர்ந்ததும் நால்வரும் நிம்மதியாக ஓரமாக நின்றார்கள். சற்று நேரத்தில் அவர் பெட்டி மட்டும் திரும்பி வந்தது. கூடவே சீருடை போட்ட பெண் ஒருத்தி.

"இதுக்குள்ள பேட்டரி இருக்கு. திறந்து காட்டுங்க."

முடிச்சு அவிழவில்லை. போட்டவராலேயே அவிழ்க்க முடியவில்லை. அந்தப் பெண் கத்தரியால் கயிற்றை வெட்டினாள். மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஆண்கள் பார்க்க, அவர் மனைவியின் உள்பாவாடைகள் பிரிந்து கிடந்தன. மூன்றாவதற்குள் பவர் பேங்க் இருந்தது.

"யார் வச்சது?"

சம்பந்தி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவ்வளவுதான், பார்சல்காரர் மனைவி பக்கம் திரும்பிவிட்டார்.

"உனக்கு எத்தனை தடவை சொன்னேன், இதையெல்லாம் கைப்பையில வைன்னு? என் மானத்தை வாங்கறதுக்குன்னே வந்தியா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் அந்தப் பொய்யைச் சொன்ன வாய் அவருடையதுதான். அவள் அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு உள்பாவாடைகளை மடிக்கத் தொடங்கினாள்.

"நான்தான்மா வச்சேன். தெரியாம வச்சுட்டேன்," என்றாள்.

"பரவால்லம்மா, கையில வச்சுக்கோங்க. ஆளுங்க பக்கத்துல இருந்தா புகை வந்ததும் அணைச்சிடலாம். கீழ இருந்தா எரியறது யாருக்குத் தெரியும்?" என்றாள் அந்தப் பெண்.

மனைவி அதை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

விமானத்துக்குக் காத்திருந்தபோது சம்பந்தியம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பெட்டி கட்டறதுல புலி உங்க வீட்டுக்காரர். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்ல அண்ணி?" என்று சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் பார்க்க முடியவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது. காது மடல் சுட்டது. கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவரை ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காதவள் அவள்.

"அது நான் வச்சது," என்றார் திடீரென்று. "அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல. அங்க பொய் சொல்லிட்டேன்."

சம்பந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார்.

"பாத்தியா?" என்றார் தன் மனைவியிடம். "அவங்க மனசு நோகக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரு. ஆம்பளைன்னா இப்படி இருக்கணும். சம்பந்தி, உங்களை என்னமோ நினைச்சேன். பெரிய மனசு உங்களுக்கு!"

"இல்லீங்க, நிஜமாத்தான் சொல்றேன்..."

"நீங்களாவது, பெட்டியில தப்பா வைக்கறதாவது!" என்றாள் சம்பந்தியம்மா. "அண்ணி, நீங்க குடுத்துவச்சவங்க."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தார். இனி அவரைக் காப்பாற்ற ஒருத்தியால்தான் முடியும். சொல்லு, அவருதான் வச்சாருன்னு நீயாவது சொல்லு என்று மனைவி முகத்தையே பார்த்தார். மற்ற இருவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடியிலிருந்த கைப்பையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

சம்பந்தி வீட்டார் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விமானத்துக்கு அழைத்ததும் எழுந்து, அவருக்காக நிற்காமல், வரிசையில் போய் நின்றுகொண்டாள்.