நெருப்போடு கிளம்பிய ஊர்

ஏதென்ஸுக்கும் மெகாராவுக்கும் நடுவிலிருக்கிற எலெஃப்சினாவில் லூக்காஸின் காப்பிக் கடையில் பால் தீர்ந்துபோனால், "மெகாரா விழுந்தாச்சு" என்பார்கள். யாருடைய கார் டயரோ பஞ்சரானாலும் அதே பேச்சு. டிவியில் கால்பந்து ஓடும்போது முதல் கோல் வாங்கிய அணிக்கும் அதே பேச்சு.

அந்தப் பேச்சு பிறந்தது ஆர்கிரோவால். கடையின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேர் நாலு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழங்காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை ஆடுவார்கள். ஆளுக்கொரு ஊர். நாலு ஊரும் அடிபிடி போட்டு, கடைசியில் நிற்பது யார் என்று பார்க்க ஒரு வருஷம் இழுக்கும். ஊர் விழுந்தால் ஆள் வெளியே. அடுத்த ஆட்டம் தொடங்கும்வரை மற்றவர்களுக்குக் காப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். இதுவரை நடந்த மூன்று ஆட்டத்திலும் முதலில் விழுந்தது ஆர்கிரோவின் மெகாராதான்.

"வேற ஊர் எடுத்துக்கயேன்," என்று லூக்காஸ் ஒவ்வொரு தடவையும் சொல்வான். "தீப்ஸ் சும்மாத்தான் கிடக்கு. நல்ல குதிரைப்படை இருக்கு."

"பதினாறு வயசுலேர்ந்து மெகாராவுல கோழி எச்சம் அள்ளுறேன். சனி ஞாயிறு மட்டும் தீப்ஸ்காரியா வேஷம் கட்டணுமா?"

அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. பண்ணையில் கோழி பிடிக்கிற வேலை. ஒரு கைக்கு நாலு கோழி, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூண்டில் அடைத்து லாரியில் ஏற்ற வேண்டும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நகக்கீறல். கீபோர்டில் அந்தக் கை கிடக்கும்போது, "கும்பாரா, கோழி உன்னை ஜெயிச்சிடுச்சு போல," என்று ஸ்டாதிஸ் கேலி பண்ணுவான்.

ஸ்டாதிஸ் பிரேயஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஏதென்ஸில் பிறந்து வளர்ந்தவன், ஆட்டத்திலும் ஏதென்ஸ்தான். ஆர்கிரோவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவனும் அவனே. அதனால் அவன் அவளைக் கும்பாரா என்பான், அவள் அவனைக் கும்பாரே என்பாள். அந்த உறவு பின்னறைக் கதவோடு நின்றுவிடும். உள்ளே வந்தால் ஏதென்ஸ் ஏதென்ஸ், மெகாரா மெகாரா.

அந்த அறைக்கென்று சில கட்டுப்பாடு உண்டு. விளையாட்டில் எதை அழுத்தினாலும் வேலை நடக்கும். ஆனால் தன் ஊரின் பழங்காலக் குணத்துக்கு ஏற்றபடி நடக்காதவனுக்கு இங்கே இடமில்லை. நாலு பேரும் கூடிய அந்தச் சபையில் ஸ்பார்ட்டாக்காரன் ஐந்து வார்த்தைக்கு மேல் பேசினால் எல்லாருக்கும் காப்பி வாங்க வேண்டும். ஸ்பார்ட்டாவை எடுத்திருந்த நிகிதாஸோ டாக்சி ஓட்டி. ஏறுகிற ஆள் இறங்குவதற்குள் தன் கல்யாணக் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிற வாய். பாவம், ஞாயிறுதோறும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கொரிந்து லூக்காஸுடையது. லாபமில்லாமல் கொரிந்து விரலைக்கூட அசைக்கக் கூடாது. அது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. ஏதென்ஸ் போர் தொடுப்பதற்கு முன் எழுந்து நின்று பேச வேண்டும். சபையில் யார் ஆணையிட்டுச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான், ஆட்டம் முடியும்வரை மாற்ற முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஓர் ஊர் வேறிடத்தில் குடியேறினால் தாய் ஊரின் நெருப்பு கூடப் போக வேண்டும். மெழுகுவர்த்தியை ஏற்றி, தன் மேசையிலிருந்து கடைவாசல் மேசைவரை அணையாமல் கொண்டுபோய் வைக்க வேண்டும். நடுவில் அணைந்தால் குடியேற்றம் செல்லாது. தாய் ஊர் போரில் விழுந்தால் குடியேற்றமும் கூடவே போய்விடும். அப்படித்தான் இந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆர்கிரோ பைசாந்தியத்தை நிறுவினாள். கருங்கடலுக்குப் போகிற ஜலசந்தியின் வாயில், எங்கோ வடகிழக்கில். பழைய காலத்திலும் மெகாராக்காரர்கள் போய்க் கட்டிய ஊர்தான் அது. மற்றவர்கள் மதிலுக்கும் படைக்கும் காசைக் கொட்டியபோது அவள் அங்கே களஞ்சியமும் வீடுமாகக் கட்டினாள்.

"மதில் இடிஞ்சு கிடக்கு, இவ அங்க தானியக் கிடங்கு கட்டுறா," என்று லூக்காஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஜலசந்தி அடைச்சா எங்க பண்ணைக்கு மக்காச்சோளம் வராது. சோளம் வரலைன்னா கோழி முட்டை போடாது. அது எனக்குத் தெரியும், அதனால கட்டுறேன்," என்றாள். அவ்வளவுதான் அவள் திட்டம். அதற்கு மேல் அப்போது அவளும் யோசித்திருக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிறு. ஏதென்ஸின் படை மெகாராவின் மதிலைச் சுற்றி வந்து நின்றது. துறைமுகத்தை அறுபது போர்க்கப்பல் மறித்திருந்தது. சுவரில் மாட்டிய பெரிய டிவியில் வரைபடம். நீல நிறம் ஏதென்ஸ், மஞ்சள் மெகாரா. நீலத்துக்கு நடுவில் மஞ்சள் ஒரு சோளமணி அளவுக்குத்தான் தெரிந்தது.

ஆர்கிரோ ஸ்பார்ட்டாவைப் பார்த்தாள். "நிகிதாஸ், நாம கூட்டாளிங்க. வர்றியா?"

நிகிதாஸ் நெளிந்தான். அவனுக்கு வர ஆசை. ஆனால் ஆட்டத்தில் அது ஸ்பார்ட்டாவின் திருவிழா மாதம். திருவிழாவில் ஸ்பார்ட்டாக்காரன் படை கிளப்ப மாட்டான். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "திருவிழா. அடுத்த மாசம் வர்றேன்," என்றான்.

"அடுத்த மாசம் கருமாதிக்குத்தான் வரணும்," என்றான் லூக்காஸ்.

"நீ?" என்று அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப ஒண்ணுமில்ல," என்று லூக்காஸ் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைத் துப்பினான்.

ஸ்டாதிஸ் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கிரேன் மேலே ஒற்றை ஆளாக நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவன். வாரத்துக்கு ஒரு தடவை தன் குரலைத் தானே கேட்கிற இடம் இதுதான்.

"மெகாராக்காரங்களே, கேளுங்க. ஏதென்ஸ் உங்க மேல கோவத்துல வரல, இரக்கத்துல வந்திருக்கு. உங்க மதிலைப் பார்த்தேன். எங்க ஊர்ல ஆட்டுப்பட்டிக்குக்கூட இதைவிட நல்ல சுவர் இருக்கும். கதவைத் திறங்க. வருஷா வருஷம் கப்பம் கட்டுங்க. உங்களுக்கும் ஒரு மூலையில இடம் உண்டு."

இத்தோடு அவன் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் பேச்சை நிறுத்தத் தெரிந்தால் அவன் ஏதென்ஸ்காரனே இல்லை. வலது கையை உயர்த்தினான்.

"ஏதென்ஸோட பெருந்தன்மையையும் பாருங்க. எங்க நிழல்ல இருக்கப் பிடிக்காதவங்க போகலாம். ஜீயஸ் மேல ஆணையா சொல்றேன். கையில எடுக்க முடிஞ்சதை எடுத்துக்கிட்டு, நிலம் வழியாவோ கடல் வழியாவோ, எங்க வேணா போகட்டும். ஏதென்ஸ்காரன் ஒருத்தன் குறுக்க நிக்கமாட்டான். கோழைங்களைப் பிடிச்சு வச்சு நாங்க என்ன பண்ண?"

லூக்காஸ் கைதட்டினான். பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

ஆர்கிரோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டால் மதில் இன்றைக்கே போய்விடும். நாலாவது தடவையும் அவள்தான் முதலில். கதவைத் திறந்தால் ஆட்டத்தில் இருக்கலாம், ஸ்டாதிஸ் சொன்ன மூலையில். வெளியே பால் தீரும்போதெல்லாம் அந்தப் பேச்சு அப்படியே இருக்கும். இரண்டில் எது கேவலம் என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவன் கடைசியாகச் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்ததுபோல இருந்தது.

"கும்பாரே, கடைசியா என்னமோ சொன்னியே, இன்னொரு தரம் சொல்லு."

"எது?"

"கடல் வழின்னு."

ஸ்டாதிஸுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுபடி கையை உயர்த்தி, முன்னைவிட உரக்கச் சொன்னான். நிலம் வழியாவோ கடல் வழியாவோ.

"ஆணையா?"

"ஜீயஸ் மேல ஆணை."

"எல்லாரும் கேட்டீங்களா?" அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "சரி, நாங்க போறோம்."

"யாரு போறா?"

"மெகாரா. மொத்த ஊரும். பைசாந்தியத்துக்கு."

விதை கொறிக்கிற சத்தம் நின்றது. ஸ்டாதிஸ் சிரித்தான். பிறகு துறைமுகத்தில் நின்ற தன் அறுபது கப்பலைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"ஏய், நான் சொன்னது ஓடிப்போற நாலு பயந்தாங்கொள்ளிகளுக்கு."

"நாலுன்னு நீ சொல்லல."

"ஒரு ஊரே கப்பலேறுமா? யாராவது கேள்விப்பட்டதுண்டா?"

"ஊர்னா என்ன, உன் ஆட்டுப்பட்டிச் சுவரா? சுவரை நீயே வச்சுக்க. ஆளுங்களை நான் கூட்டிட்டுப் போறேன். கோழைங்கன்னு சொன்னல்ல? கோழை நெருப்பை எடுத்துக்கிட்டுப் போகமாட்டான். போட்டுட்டு ஓடுவான்."

தகராறு வந்தால் மற்ற இரண்டு ஊரும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எல்லாரும் நிகிதாஸைப் பார்த்தார்கள். அவன் ஐந்து விரலையும் விரித்தான். நாலை மடக்கினான்.

"சொன்னான்."

லூக்காஸ் தாடையைச் சொறிந்தான். "கொரிந்துக்கு என்ன லாபம்?"

"ஜலசந்தியில உன் கப்பலுக்குப் பாதிச் சுங்கம்."

"சொன்னான்," என்றான் லூக்காஸ்.

ஆர்கிரோ காருக்குப் போய் ஈஸ்டர் மெழுகுவர்த்தியை எடுத்துவந்தாள். கோயிலிலிருந்து வீட்டுவாசல்வரை அணையாமல் கொண்டுபோய், நிலைக்கு மேலே புகையால் சிலுவை போட்ட வர்த்தி, பாதி எரிந்து கிடந்தது. மேசையில் வைத்துப் பற்றவைத்தாள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தெருவாக, கிழவர், குழந்தை, கொல்லன், குயவன் என்று எல்லாரையும் கப்பலேற்றினாள். வெகுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசிக் கப்பல் நிறைந்ததும் வர்த்தியைக் கையில் எடுத்தாள்.

பின்னறையிலிருந்து வாசல் மேசைக்குக் கடை முழுவதையும் தாண்ட வேண்டும். கதவு திறந்துகிடந்தது, கடல்காற்று உள்ளே வந்தது. மேலே மின்விசிறி வேறு. அவள் கீறல் விழுந்த கையைக் குவித்து மறைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததும் சுடர் படுத்துவிட்டது. நீல நூலளவு மிச்சம். அவள் நின்றாள். மூச்சுக்கூட விடவில்லை.

பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம். ஸ்டாதிஸ் அவளைத் தாண்டிப் போய் விசிறியை அணைத்தான். வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றான்.

"என்ன பாக்கற? குறுக்க நிக்கமாட்டேன்னு ஆணையிட்டேன். காத்தும் நிக்கக்கூடாது. நட."

சுடர் எழுந்தது. அவள் நடந்தாள். கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். என்ன சமாச்சாரம் என்று தெரியாத ஒருவர் தொப்பியை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். ஆர்கிரோவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் மேசையில் மெழுகை உருக்கி ஊற்றி வர்த்தியை நட்டபோது அவள் கழுத்து நிமிர்ந்திருந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது ஆளில்லாத மெகாரா நீலமாகியிருந்தது. அவள் பிறந்த இடம், அடுத்த நாள் விடியுமுன் கூண்டு தூக்கப்போகிற இடம். கொஞ்சநேரம் அதையே பார்த்தாள். வலித்தது. அதை அவள் மறைக்கவில்லை. அப்புறம் வரைபடத்தை வடகிழக்குக்கு நகர்த்தினாள். ஜலசந்தியின் வாயில் மஞ்சள், முன்பிருந்ததைவிடப் பெரிதாக.

ஸ்டாதிஸ் தன் திரையில் ஊருக்குள் நுழைந்து பார்த்தான். வீடுகள், கோயில்கள், காலிச் சந்தை. "ஒரு கோழிகூட இல்லையே."

"கோழியைத்தான் முதல்ல ஏத்தினேன்."

நிகிதாஸுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஸ்டாதிஸ், மடையா, உன் ஊருக்குக் கோதுமை எங்கேர்ந்து வருது? கருங்கடல்லேர்ந்து! எந்த வழியா வருது? ஜலசந்தி வழியா! அங்க இப்ப யாரு உக்காந்திருக்கா? இனிமே நீ ரொட்டி தின்னணும்னா மெகாராவைக் கேக்கணும். எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல மாமனார் வீட்டுல இப்படித்தான்..." என்று தொடங்கி மாமனார் கதையையும் சொல்லி முடித்தான். எத்தனை வார்த்தை என்று யாரும் எண்ணவில்லை. எல்லாருக்கும் காப்பி தன் செலவு என்று அவனே எழுந்து போனான்.

ஸ்டாதிஸ் தன் களஞ்சியக் கணக்கைத் திறந்து பார்த்தான், மூடினான். "கும்பாரா."

"சபையில எழுந்து நின்னு கேளு."

அவன் நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சுருக்கமா," என்றாள் அவள்.

அப்போது முன்கடையில் காப்பி மிஷின் கரகரவென்று இருமிவிட்டு நின்றுபோனது. டிவி முன்னாலிருந்த ஒருவன் வழக்கம்போல, "மெகாரா விழுந்தாச்சு," என்றான்.

ஸ்டாதிஸ் கதவு வழியாகத் தலையை நீட்டினான். "டேய், அந்தப் பேச்சை இன்னையோட விடு. விழுந்ததை நீ பாத்தியா? நான் உள்ள போய்ப் பாத்தவன். அங்க விழறதுக்கு யாருமே இல்ல."

வாசல் மேசையில் வர்த்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கட்டுமா என்று கேட்டான் லூக்காஸ். "கை வச்சுப் பாரு," என்றாள் ஆர்கிரோ.