யாருடைய லாபம்

மார்ச் 12, வியாழன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். போனில் கிடைக்கும் லாபத்தை, அது கிடைக்காத ஆளிடம் போய்க் கேட்டுவிட்டேன்.

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் நேற்று அடக்க விலைப் பாடம். ஒரு போனின் விலையை நூறாக வைத்து, திரை, சிப், பேட்டரி, கூலி, லாபம் என்று பிரிக்கச் சொன்னார் சார். என் கணக்கில் கூலி இரண்டைத் தொடவில்லை. லாபம் முப்பதைத் தாண்டியது. உடனே அக்காவின் கைதான் நினைவுக்கு வந்தது.

இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. நான் போனைப் பெட்டியில் அடைக்கிறேன். அக்கா திரை துடைக்கிறாள். சீக்கிரம் காய வேண்டும் என்று துடைக்கும் திரவத்தை மாற்றினார்கள். அதிலிருந்து அவள் விரல்கள் மரத்துப்போகின்றன. அவள் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது நான்தான்.

பழைய திரவத்துக்கே திரும்பினால், நூறு ரூபாயில் செலவு கால் ரூபாய்கூட ஏறாது. திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டுத்தான் இடைவேளையில் லைன் லீடரிடம் தாளை நீட்டினேன். எங்களுக்குள் அவர் பெயர் ஸ்டாப்வாட்ச்.

"இந்த முப்பது யாருக்கு வருதுன்னு நினைச்சே?"

"கம்பெனிக்குத்தானே சார்?"

"எந்தக் கம்பெனிக்கு? போன் முதுகுல பேர் போட்டுக்கறவங்களுக்குப் போகுதும்மா. நாம பாகங்களை மாட்டிக் கொடுக்கறவங்க மட்டும்தான். எல்லாச் செலவும் போக நமக்கு ஒண்ணு நின்னாலே பெரிசு. அதுல கால்வாசியை வெட்டச் சொல்றே. இதை மேல கொண்டுபோனா முதல்ல என்னைத்தான் வெட்டுவாங்க."

அவர் தாளை மடித்துத் தந்துவிட்டு, "சரி, யாருக்குக் கை மரத்துப்போச்சு?" என்று கேட்டார். குரல் கனிவாக இருந்தது. அக்கா பெயரைச் சொல்லிவிட்டேன்.

வேலை முடிவதற்குள் அக்காவிடம் ஆள் அனுப்பிவிட்டார்கள். நாளைக் காலை கம்பெனி மருத்துவ அறைக்குப் போக வேண்டுமாம். அங்கே போனவர்களுக்கு ஓய்வு எழுதித் தருவார்கள். ஓய்வில் போன யாரும் லைனுக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை.

"படிச்சுக் கிழிச்சது போதும்டி," என்றாள் அக்கா, அறைக்கு வந்ததும். "கையைக் காப்பாத்தறேன்னு போயி வேலைக்கு உலை வச்சுட்டு வந்திருக்கே."

பிறகு அவளே தையல் ஊசிகளை மேசையில் கொட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். "அங்க மருத்துவ அறையில இப்படித்தான் பொறுக்கச் சொல்வாங்களாம். பாரு, சரியா வருதான்னு."

ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. ஊசி விரலில் குத்தி ரத்தம் வந்தது. அது தெரியாமல், "எடுத்துட்டேனாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"இன்னொரு தடவை வை."

வைக்கவில்லை. ஊசிகளை அள்ளி டப்பாவில் போட்டேன். அவள் கத்தினாள், பிறகு அழுதாள். வேலை போனால் இந்த அறைக்கு வாடகை எப்படி என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

நாளை: வேலை தொடங்குமுன் திரவ டப்பாவில் ஒட்டியிருக்கும் பெயரை அப்படியே எழுதி எடுக்க வேண்டும். அக்காவைக் கம்பெனி மருத்துவ அறைக்கு விடாமல், கை எதனால் மரத்தது என்று டாக்டருக்குத் தெரிய அந்தப் பெயரோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.