வலது பக்கக் கிடார்

எங்க ஸ்டுடியோவுல பாட்டு கேக்குறதுக்குன்னே ஒரு ரூம் இருக்கு. ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்திட்டா உள்ள இருக்குறவன் கத்தினாக்கூட வெளிய கேக்காது. ஆல்பம் ஓடும்போது எழுந்திருக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் வேற. சட்டம் போட்டது முதலாளி. முதலாளின்னா யாரோ இல்லை, என் பொண்டாட்டியோட அண்ணன். மச்சானையே முதலாளியா வச்சுக்கிட்டவன் வீட்டுலயும் மாட்டுவான், வேலையிலயும் மாட்டுவான்.

அன்னைக்கு நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். மச்சான், பத்திரிகையில இசை விமர்சனம் எழுதுறவர், ஒரு பாடகி, நான். பாடகியோட பாட்டுக்கு மறுநாள் மிக்ஸிங், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாக் கலக்குறது. அது என் வேலை. ஆனா போன மாசம் எனக்கு வலது காதுல சீழ் வச்சு, இப்பத்தான் டாக்டர் சரியாயிடுச்சுன்னு அனுப்பியிருந்தார். மச்சானுக்கு நம்பிக்கை இல்லை. "நாளைக்கு நீயா, வெளி ஆளான்னு இன்னைக்குப் பாத்துட்டு சொல்றேன் மாப்பிள்ளை"ன்னுட்டார்.

விமர்சகர் கொண்டு வந்தது ஒரு ஜாஸ் கிடார்காரனோட புது ஆல்பம். எங்கள்ல யாருமே அதைக் கேட்டதில்லை. கிடார், கீழ்ஸ்தாயில போற பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். நாலு ஹெட்போனும் ஒரே பெட்டியிலிருந்து. பாட்டு வர்ற ஒயரை அந்தப் பெட்டியில சொருக நான் போனேன். "நீ உட்காரு, எனக்குத் தெரியாதா?"ன்னு மச்சானே சொருகினார்.

ஆரம்பிச்சுது. இடது காதுல டிரம்ஸ் சலசலங்குது, பேஸ் அது பாட்டுக்கு நடக்குது. வலது காதுல ஒண்ணுமே இல்லை. கிடாரைக் காணோம்!

போச்சு, காது போச்சு. ஹெட்போனை இடம் வலமா மாத்தி மாட்டினா கோளாறு காதுலயா ஹெட்போன்லயான்னு உடனே தெரிஞ்சுடும். ஆனா மச்சான் எதிர்லயே உட்கார்ந்து என் மூஞ்சியையே பாக்குறார். கையைத் தூக்கினாலே சந்தேகம் வந்துடும். எழுந்து ஓடலாம்னா சட்டம். விமர்சகர் கண்ணை மூடிக்கிட்டு சொக்கிப் போயிருக்கார். பாடகி மடியில விரலால தாளம் போடுறாங்க. எனக்கு வேர்த்து, சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. வேற வழியில்லாம நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

ஒருவழியா முடிஞ்சுது. விமர்சகர் பெருமூச்சு விட்டார். "வாசிக்காம விடுறான் பாருங்க, அதுதான் கலை."

"என்ன அடக்கம்! கிடார் இருக்குறதே தெரியலை"ன்னார் மச்சான்.

"ஆமா, ரொம்ப மென்மையா…"ன்னு பாடகி தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

"நீ என்ன சொல்ற மாப்பிள்ளை?"

ஒரு 'பிரமாதம்' சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா ஒத்தைக் காதை வச்சுக்கிட்டு நாளைக்கு இந்தப் பொண்ணோட பாட்டைக் கொலை பண்றதா? மனசு கேக்கலை. "எனக்குக் கிடாரே கேக்கலை மச்சான். வலது காது அவுட்டு."

மச்சான் வந்து தோளைத் தட்டினார். அதுக்கு நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. "ரெஸ்ட் எடு. நாளைக்கு வெளி ஆளை வரச் சொல்றேன்"ன்னார். மூணு பேரும் காபி குடிக்கப் போயிட்டாங்க.

ஒயரைச் சுருட்டப் போனேன். பெட்டியில மச்சான் சொருகின பிளக் பாதிதான் போயிருந்துச்சு. பாதி சொருகினா ஒரு பக்கம்தான் கேக்கும், இது எங்க தொழில்ல பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அழுத்திட்டு ஹெட்போனை மாட்டினேன். வலது காதுல கிடார் கொட்டுது! கிடாரை மொத்தமா அந்தப் பக்கமே வச்சிருக்கான் புண்ணியவான். எனக்கு அழுகையும் கோபமும் ஒண்ணா வந்துச்சு. அடப்பாவிகளா, அப்ப நீங்கள்லாம் எதைக் கேட்டீங்க?

மச்சானை மட்டும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"அட, இது நல்லா இருக்கே! யாரு வாசிக்கிறது?"

"இவ்வளவு நேரம் அடக்கமா இருந்தானே, அவன்தான்."

மச்சான் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். "மாப்பிள்ளை, நாளைக்கு நீயே பண்ணு. ஆனா பிளக் கதை வெளிய போகக் கூடாது. ஸ்டுடியோ வச்சிருக்கிறவனுக்கே கேக்கலைன்னா மானம் கப்பலேறிடும். சொட்டு மருந்து போட்டேன், காது திறந்துடுச்சுன்னு சொல்லிடு." இல்லாத வியாதிக்கு இல்லாத மருந்து. வேலை வேணுமே, சரின்னேன். எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லியும் வச்சேன்.

மறுநாள் பாடகி மிக்ஸிங் ரூமுக்கு வந்தாங்க. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. அந்த ரூமோட கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மச்சான் நின்னுக்கிட்டு எங்களையே பாக்குறார். அவங்க என் பக்கம் குனிஞ்சு, "அந்தச் சொட்டு மருந்து பேரு என்னண்ணா?"ன்னு கேட்டாங்க. "எனக்கும் நேத்து வலது காது கேக்கலை. வீட்டுல ஹெட்போனை மாட்டிப் பாக்கவே பயமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை. பாட்டை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுண்ணா."

மச்சானைப் பாத்தேன். என்ன பேச்சுன்னு புரிஞ்சுடுச்சு போல, வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டினார். போய்யா நீயும் உன் மானமும். நேத்தைய ஆல்பத்தைப் போட்டு, அவங்களுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, பிளக்கைப் பாதி வெளிய இழுத்தேன்.

"வலது பக்கம் கேக்குதா?"

"இல்லைண்ணா."

பிளக்கை அழுத்தினேன்.

ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சான் தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார்.

"அப்ப நேத்து வேற யாருக்காவது கேட்டுச்சாண்ணா?"

"ஒருத்தருக்கும் கேக்கலைம்மா."