விழுகிறவன்

மெத்தையில் முதுகு படும்போதே கையால் ஓங்கித் தட்ட வேண்டும். அடி உடம்புக்குள் போகாது. சத்தம் மட்டும் தெருமுனைவரை கேட்கும். அந்தச் சத்தத்தை எழுப்புவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மனைவி ஜூடோ வீராங்கனை, ஒலிம்பிக் போய் வந்தவள். பயிற்சியில் அவள் தூக்கிப் போட ஓர் ஆள் வேண்டுமே, அது அவன்தான். பயிற்சிக் கூடத்தில் அவனுக்குப் பெயரே மூட்டை. மாப்பிள்ளை என்ன பண்றார் என்று யாராவது கேட்டால், "விளையாட்டுத் துறையில இருக்கார்" என்று சொல்லிவிட்டு மாமனார் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே அவள் தோற்றாள். ஆளை இடுப்பில் ஏற்றித் தூக்கிப் போடும் அவளுடைய பேர்பெற்ற இடுப்பு வீச்சு எதிராளியை அசைக்கக்கூட இல்லை. "மூட்டைய அந்தப் போடு போடுற, அவள மட்டும் ஏன் முடியல?" என்று பயிற்சியாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார். காரணம் பக்கத்தில் நின்ற மூட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

ஒலிம்பிக்குக்குத் தேர்வான கையோடு அவளுக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு வீச்சில் பழைய வேகம் இல்லை. முதல் நாள் அவள் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், அவள் இழுத்ததும் இவனே ஒரு குதி குதித்துப் போய் விழுந்தான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக மறுநாளும் விழுந்தான். அப்புறம் அதுவே பிழைப்பாகிப்போயிற்று. விழுவதில் அத்தனை கெட்டிக்காரன், பயிற்சியாளருக்கே சந்தேகம் வரவில்லை. பாவி, பாசத்தாலேயே பெண்டாட்டியைக் கெடுத்தான்.

இப்போது அடுத்த ஒலிம்பிக்குக்கும் போவேன் என்கிறாள். கூடத்தில் வேறு யாருமில்லை. அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தாள். இன்று குதிக்கக் கூடாது என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். இழுத்தாள். நின்றான். மறுபடி இழுத்தாள். அப்போதும் நின்றான்.

அவள் பிடியை விடாமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"ஆபரேஷன்லேருந்து."

"அறிவிருக்கா உனக்கு?"

"நீ சிரிச்சியேன்னுதான்..."

"கொன்னுடுவேன் உன்ன." அவள் கண் கலங்கியிருந்தது. மூக்கை அவன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள். "இனிமே நீயா விழுந்தேன்னா வீட்டுப் பக்கம் வராத. ஒழுங்கா நில்லு."

அவன் காலை அகட்டி நின்றான். அவள் திரும்பி, இடுப்பை அவன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, தம் பிடித்து இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அவனும் விடாமல், இருக்கிற கனத்தையெல்லாம் காலில் இறக்கினான். அவனுடைய இடது குதிகால் மெத்தையைவிட்டு லேசாக எழும்பியது. அவன் எழுப்பவில்லை.