தரை பெரிதாவதற்கு முன்

வண்டி அவ்வளவு மெதுவாக விழும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இறங்கி ஒரு அடி தள்ளி நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். காதில் ஏதோ சொல்ல வருவதுபோல அது என் பக்கம் சாய்ந்தது. பாய்ந்து ஹேண்டிலைப் பிடித்தேன். பிடித்த கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே போனது. முதலில் ஏதோ முறியும் சத்தம், பிறகு சிமெண்டுத் தரையில் இரும்பு உரசும் சத்தம், கடைசியாக வாசல்படியின் விளிம்பில் டேங்க் மோதிய சத்தம். அதன் பிறகு ஒரே அமைதி. அந்த அமைதிக்குள் மூடியின் ஓரத்திலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக விழுவது கேட்டது.

வாங்கி ஐந்து நாள் ஆன வண்டி. மீட்டரில் நாற்பத்தோரு கிலோமீட்டர். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. என் மனைவியின் வண்டி அது. எனக்கு ஓட்டத் தெரியாது.

அவள் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பவள். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், ஆபரேஷன் முடிந்து படுக்கையோடு கிடப்பவர்கள் எல்லோரையும் எழுப்பி உட்காரவைத்து, நிற்கவைத்து, நாலு அடி நடக்கவைப்பது அவள் வேலை. இருபது வருடம் பஸ்ஸிலேயே போய்வந்தாள். இப்போது குவாரிக்கு மேலே, மேட்டு ரோட்டில் ஒரு டீச்சர் விழுந்து கிடந்தார். அந்த ரோட்டுக்கு பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இன்னும் நாலு வாரத்தில், ஒரு திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் பைக் பேச்சையே எடுத்தாள். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். ஸ்கூட்டர் போதாதா என்று ஒரு தடவை, உன் உயரத்துக்கு அது கனம் என்று ஒரு தடவை, இந்த வயதில் விழுந்தால் யார் பார்ப்பது என்று ஒரு தடவை. அவளுடைய தம்பி போனில், “மாமா, நாப்பத்தேழு வயசுல அக்காவுக்கு எதுக்கு பைக்கு? நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?” என்றான். வெளியூரில் படிக்கும் மகளின் கவலை வேறு. “அப்பா, அம்மா பின்னாடி நீங்க ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருவீங்களா, இல்ல ஒரு பக்கமா உக்காந்து முந்தானைய இழுத்து சொருகிக்குவீங்களா?”

மூடிக்கிடக்கும் கிடங்கின் முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில், தோழி ஒருத்தியின் வண்டியில் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். துணைக்கு நானும் போவேன். மதில்மேல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். அவள் சுற்றிவரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் வாரம் தட்டுத்தடுமாறிய சத்தம் மூன்றாவது வாரத்தில் ஒரே சீராக ஆகிவிட்டது. அந்த மூன்று வாரத்தில் நான் எத்தனை பக்கம் படித்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். வண்டியோடு வந்த கையேட்டை அவளுக்கு முன்பு நான்தான் அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். படித்தேன் என்றால், பென்சிலோடு. பத்தொன்பது பிழை இருந்தது. சைடு ஸ்டாண்டை முழுவதுமாக முன்னால் தள்ளிய பிறகே இறங்கவேண்டும் என்ற வாக்கியத்திலும் ஒன்றைத் திருத்தி, ஓரத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டேன். அந்த வாக்கியம் என்னைப் பார்த்துத்தான் பேசுகிறது என்று அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை பகல். அவள் உள்ளே சமையலில் இருந்தாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பியதும் மீட்டரின் முள் கடைசிவரை ஓடித் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டைக் காலால் மடக்கினேன். இரண்டு கால்களுக்கு நடுவில் அந்தக் கனம் சமநிலையில் நின்றபோது, ஐம்பத்திரண்டு வருடமாக என்னிடம் எல்லோரும் சொல்லாமல் மறைத்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. வலது பக்கக் கண்ணாடியைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகிவிட்டது. ஸ்டாண்டைத் தள்ளினேன், அது பாதிதான் வந்திருக்கிறது, இறங்கினேன்.

சத்தம் கேட்டு அவள் வந்தாள். ஓடிவரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள் என்று பிறகு தெரிந்தது. நான் வண்டியின் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அது அரை அடி எழும்பும், திரும்பப் படுக்கும். ஒவ்வொரு முறையும் சிமெண்டில் இன்னொரு கோடு விழும்.

“விடுங்க. முதல்ல கைய எடுங்க” என்றாள். எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசைத்தாள். பாதத்தைப் பார்த்தாள். “எங்கயாவது வலிக்குதா? இப்ப இல்லன்னா இல்லைன்னு அர்த்தமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்ல. வண்டிதான்...”

“வண்டி எங்கயும் ஓடிப்போகாது.”

அதற்குப் பிறகுதான் குனிந்து சாவியைத் திருப்பினாள். எரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. நான் கேட்காமலே, “வெயில்ல நின்னுச்சு. நிழலுக்குக் கொஞ்சம் நகர்த்தலாம்னு பாத்தேன்” என்றேன்.

பிறகு அவள் செய்ததை நான் எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். நாற்காலியில் உட்காரப் போகிறவள்போல முழங்காலை மடக்கி, இடுப்பை சீட்டில் பதித்தாள். வலது கையால் தரையோடு கிடந்த ஹேண்டிலையும், இடது கையால் பின்சீட்டுக் கம்பியையும் பிடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு. பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடிகள் வைத்தாள், யாருக்கோ வழிவிடுவதுபோல. வண்டி அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு எழுந்துவந்தது. என்னுடைய பாதி எடை இருக்கிறவள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. குதிகாலால் ஸ்டாண்டைத் தள்ளி, முழுதாக வந்துவிட்டதா என்று இன்னொரு முறை தட்டிப் பார்த்து, அப்புறம்தான் முதுகை எடுத்தாள். படுக்கையிலிருந்து ஆட்களை இப்படித்தான் தூக்குவாளோ என்று நினைத்தேன். இருபத்துநாலு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை என்பது அந்த வாசலில்தான் உறைத்தது.

வண்டியைச் சுற்றிவந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கிளட்ச் லீவர் நுனி முறிந்திருந்தது. இடது கண்ணாடி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. இண்டிகேட்டர் ஒயரில் தொங்கியது. கியர் லீவர் உள்பக்கம் மடங்கியிருந்தது. டேங்கின் நீலத்தில் கட்டைவிரல் பதியுமளவு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் மேல் அவள் விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவன், கடைசியில் தன் கையாலேயே தள்ளிவிட்டான் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்றிருந்தது. திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்கூட முழுதாக இல்லை.

“சாப்பிட்டுட்டு மெக்கானிக் கடைக்குத் தள்ளிட்டுப் போயிடலாம்” என்றாள்.

இரண்டு தெரு. அவள் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் கைத்துணியால் விரல்களைத் துடைத்தபடி வெளியே வந்து, வண்டியை ஒருமுறையும் அவளை ஒருமுறையும் பார்த்தார்.

“புது வண்டி போல இருக்கு. போட்டுட்டீங்களா அக்கா?”

“விழுந்துடுச்சு” என்றாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க உயரத்துக்கு இது கனம். ஸ்கூட்டர் எடுத்திருந்தா வம்பே இல்ல. இந்த வயசுல விழுந்தா யாரு பாக்கறது, சொல்லுங்க?”

என்னுடைய மூன்று வாக்கியங்களும் ஒன்றுவிடாமல் வரிசையாக வந்தன. இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போது அவை எப்படி இருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் மறுக்கவில்லை. ஸ்பேனர்கள் தொங்கும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை அவள் வாழ்நாளில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பாள், எத்தனை முறை இப்படி எதையாவது பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்!

“போட்டது நான்தான். அவங்க இல்ல” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். “சார் ஓட்டுவீங்களா?”

“தெரியாது.”

“ஓட்டத் தெரியாதவங்க கையில வண்டி பத்திரமால்ல சார் இருக்கணும்! எப்படி விழுந்துச்சு?”

“நிறுத்தி வெச்சபடியே” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த இன்னொரு ஆள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். என் மனைவியின் உதடு ஒரு பக்கம் கோணியது. அதை உடனே நேராக்கிக்கொண்டாள்.

புது லீவர் மாட்டினார். இரும்புக் குழாயைச் செருகி கியர் லீவரை நிமிர்த்தினார். இண்டிகேட்டரையும் கண்ணாடியையும் சரிசெய்தார். டேங்கைக் கழற்றி வேலை செய்யவேண்டும், மூன்று நாள் ஆகும் என்றார். “திங்கக்கிழமை வண்டி வேணும். அது இன்னொரு நாள்” என்றாள் அவள். வண்டியைக் கிளப்பி, ஒரு காலை ஊன்றியபடி என்னைப் பார்த்தாள். “ஏறுங்க.”

இரண்டு பக்கமும் கால் போட்டே உட்கார்ந்தேன்.

வீட்டில் நிறுத்தி, உள்ளே போய், நோயாளிகளுக்காக வைத்திருக்கும் நீல நிற உடற்பயிற்சிப் பாயைச் சுருட்டி எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். கிடங்கின் முற்றத்துக்குப் போனோம். வெயில் தாழ்ந்து மதிலின் நிழல் பாதி முற்றத்தை மூடியிருந்தது. ஞாயிறுகளில் நான் உட்காரும் அதே இடத்தில் இருவரும் உட்கார்ந்தோம்.

“நிழலுக்குன்னு சொன்னது பொய்” என்றேன். “சும்மா ஏறி உக்காந்து பாத்தேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“வலது பக்கக் கண்ணாடிய யாரு திருப்பினது? மெக்கானிக் கடைக்குத் தள்ளிட்டுப் போகும்போது பாத்தேன். எனக்கு அதுல வெறும் ஆகாசம்தான் தெரிஞ்சுது.”

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“எப்படி விழுந்தீங்கன்னு பேஷண்டுகிட்ட நான் முதல்ல கேக்கறதே இல்ல. முதல் பதில் எப்பவும் பொய்தான். பாத்ரூம் ஈரமா இருந்துச்சும்பாங்க. பேரன் பொம்மைய நடுவுல போட்டுட்டான்பாங்க. ரெண்டு நாள் விட்டா அவங்களே சொல்லிடுவாங்க. நீங்க சாயந்திரமே சொல்லிட்டீங்க. பரவாயில்ல.”

கேட்கவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. “நான் வேணும்னே தள்ளிவிட்டேன்னு நினைச்சியா?”

அவள் உடனே இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். “ஒரு நிமிஷம் நினைச்சேன். அடுப்ப அணைச்சுட்டு வாசலுக்கு வர்ற வரைக்கும். உங்க மூஞ்சியப் பாத்ததும் போயிடுச்சு. பூனை பால கொட்டிட்டு நிக்கிற மாதிரி நின்னீங்க.”

எழுந்தாள். பாயை விரித்தாள். வண்டியை அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“என்ன பண்ணப்போற?”

“படுக்க வைக்கப்போறேன்.”

“யாரை?”

“உங்களையா? உங்களப் படுக்க வைக்க ஒரு புஸ்தகம் போதாதா? வண்டியத்தான்.”

நான் வாய்திறப்பதற்குள் ஸ்டாண்டை மடக்கி, இடது பக்கமாக, தூங்கும் குழந்தையை இறக்குவதுபோல, அந்தப் புது வண்டியை மெல்லப் பாய்மேல் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டாள். பழுது பார்த்து இரண்டு மணி நேரம் ஆகாத அதே பக்கம்.

“உனக்கென்ன பைத்தியமா?”

“விழுந்தவங்கள அன்னைக்கே ஒரு தடவை தரையில உக்காரவெச்சு எழுப்பிடணும். நாளைக்குன்னு விட்டா தரை பெருசாயிடும். அப்புறம் கட்டிலவிட்டு இறங்கவே மாட்டாங்க. நீங்க இன்னைக்குத் தூக்கலைன்னா இனிமே இந்த வண்டிப் பக்கமே வரமாட்டீங்க, எனக்குத் தெரியாதா? தூக்குங்க.”

திரும்பி நின்றேன். முழங்காலை மடக்கச் சொன்னாள். இன்னும். இன்னும். இடுப்ப வைங்க, கையால இழுக்காதீங்க, கை சும்மா பிடிச்சுக்கத்தான், கால்தான் தூக்கும். முதல் தடவை ஒரு சாண் எழும்பித் திரும்பவும் பாயில் விழுந்தது. நான் அவளைப் பார்த்தேன். “ம்” என்றாள், அவ்வளவுதான். அந்த ‘ம்’மில் அவசரமே இல்லை. முகம் தெரியாத எத்தனையோ பேர், கட்டில் விளிம்பில் கால் நடுங்க உட்கார்ந்து இந்த ‘ம்’மைக் கேட்டிருப்பார்கள். திங்கட்கிழமை காலை மேட்டு ரோட்டு டீச்சரும் கேட்பார்.

மறுபடியும் முதுகைப் பதித்தேன். ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னொரு அடி. வண்டி எனக்குத் தெரியவில்லை, என் முதுகில் அதன் கனம் மட்டும் தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. எதிரே மதில், மதிலுக்கு மேலே சாயங்கால வெளிச்சம். என் பக்கவாட்டில் அவளுடைய இரண்டு கைகள் விரிந்து, நான் நகர நகரக் கூடவே நகர்ந்தன. ஒன்று என் தோளுக்கு ஒரு விரற்கடை தள்ளி, ஒன்று என் இடுப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி. எதையும் தொடவில்லை.