குழல் நிற்கும்வரை

1996இல் வங்காளத்து டாக்குரியாவில் நாங்கள் குடியேறிய வீட்டின் பரணில் ஒரு பழைய கேசட் கிடந்தது. முன்பு இருந்த வங்காளிக் குடும்பம் விட்டுப்போனது. என் மகள் தேன்மொழிக்கு அப்போது நாலு வயது. அதைத் தவிர வேறெதையும் போடவிடமாட்டாள். நாள் முழுக்க ஒரே பாட்டு, எனக்குத் தலைவலி. நடுவில் புல்லாங்குழல் தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாள். குழல் நின்றதும் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எதிர்வீட்டு அம்மாள் ரேணு மாஷிமா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்து எழுந்தார். நான் விடுவேனா? மாடிப்படிவரை பின்னாலேயே போய்க் கேட்டேன். முன்பு இருந்தவர்களின் மகன் புபுனும் இந்தப் பாட்டுக்கு இப்படித்தான் ஒளிவானாம். ஒருநாள் குழல் நின்ற பிறகும் வெளியே வரவில்லையாம். இழுத்தெடுத்தபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம். என் காதோரம் கிசுகிசுத்துவிட்டுப் போய்விட்டார்.

இதை முன்னமே சொல்லித் தொலைத்தால் என்ன? வந்த ஆத்திரத்தில் கேசட்டின் நாடாவை உருவிக் குப்பையில் போட்டேன்.

தேன்மொழி அழவில்லை. மறுநாள் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, இன்னைக்கு ஒளியலையா?” என்றேன்.

“நான் இல்லம்மா, புபுன்தான் ஒளிஞ்சிருக்கான்” என்றாள். “பாட்டு இல்லாம எப்ப வெளிய வரணும்னு அவனுக்குத் தெரியலை.”