பெரெட்டினி குடும்பத்து மூக்கு

ஓட்டிலியா குனிந்து பதினான்காம் ஒயின் பீப்பாயின் தக்கையை எடுத்தாள். துளையில் மூக்கை வைத்து மெல்ல இழுத்தாள். பக்கத்தில் அவள் புருஷன் ஃபெர்மின் சாக்கட்டியும் கையுமாக வாசலைப் பார்த்தபடி நின்றான். பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.

"சீக்கிரம் சொல்லு. மொதலாளி கார் சத்தம் கேக்குது."

"அது குப்பை வண்டி. மூக்குதான் போச்சுன்னு பாத்தேன், இப்ப காதும் போச்சா?"

ஃபெர்மினுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூக்கு போய் ஆறு மாதம் ஆகிறது. செப்டம்பரில் தோட்டத்தை ஒட்டிய சோனோமா மலையில் தீப்பிடித்து, ஊரைக் காலி செய்யச் சொல்லி போலீஸ் வண்டி சுற்றியது. தோட்டத்து முதலாளிகளான பெரெட்டினி குடும்பம் கடலோரத்து வீட்டுக்குப் போய்விட்டது. திராட்சை வீணாகிவிடும் என்று முதலாளி போனில் சொல்ல, ஃபெர்மினும் எட்டுப் பேரும் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் புகைக்குள் நின்று பறித்தார்கள். நாலாம் நாள் அவன் குடித்த காபியில் வாசனை இல்லை. ருசியும் இல்லை. சூடு மட்டும் தெரிந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போனால் தோட்டத்துக்குள் குடியிருக்கும் வீடும் சேர்ந்து போகும்.

வருஷா வருஷம் மார்ச்சில் ஒயின் ருசி பார்க்க ஊர்ப்பட்ட ஜனம் வரும். முதலாளி அல்டோ பெரெட்டினி அவர்கள் முன்னால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பீப்பாய் பீப்பாயாக மோந்துகொண்டே நடப்பார். ஒன்றின் முன் சட்டென்று நிற்பார். "இது என் தாத்தாவோட மூக்கு. இத்தாலியிலேருந்து கப்பல்ல வந்தது" என்பார். பதினாறு வருஷமாக அவர் நிற்கிற பீப்பாயின் அடியில் நகம் அளவுக்கு ஒரு சாக்கட்டிக் கோடு இருக்கும். காலையிலேயே எல்லாவற்றையும் ருசி பார்த்து ஃபெர்மின் போட்டு வைத்த கோடு. இந்த வருஷம் புகைக்குள் நின்ற திராட்சை; எந்தப் பீப்பாயில் புகை ருசி ஏறியிருக்கிறதோ தெரியாது. ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம் என்று தன் மகள் சொன்னதற்கு, "எங்க மூக்கை விடவா?" என்று அல்டோ வாயை அடைத்துவிட்டார்.

"இது நல்லாருக்கு. பழ வாசனை, கொஞ்சம் புது மர வாசனை. புகையே இல்ல," என்றாள் ஓட்டிலியா.

"ஒரு வாய் குடிச்சுப் பாரேன்."

"என்ன பேசற நீ? ஞானஸ்நானம் வாங்கினப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்ல. மோந்து பாக்கறதையே பாஸ்டர் கேட்டா என்ன சொல்லுவாரோ."

புகை சில ஒயினில் ஒளிந்திருக்கும், மூக்குக்கு அகப்படாது, வாய்க்குள் போன பிறகுதான் தலைகாட்டும். ஃபெர்மினுக்கு அது தெரியும். இன்னொரு தரம் கெஞ்சியிருப்பான். அதற்குள் நிஜமாகவே கார் வந்துவிட்டது. அவன் அந்தப் பீப்பாயின் அடியில் கோட்டைப் போட்டான்.

மதியம் அல்டோ அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். ஓட்டிலியா பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து திரும்பி வந்த முதல் தட்டில் எல்லாக் கோப்பைகளும் நிறைந்தே இருந்தன. இரண்டாவது தட்டும் அப்படியே. அவள் கை நின்றது. கதவைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடி, கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு கோப்பையை எடுத்து வாயில் வைத்தாள். முதலில் பழம். விழுங்கியதும் அடுப்புச் சாம்பல். ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடினாள்.

"சாம்பலை நக்கின மாதிரி இருக்கே," என்று அதற்குள் ஓர் அம்மாள் சத்தமாகச் சொல்லிவிட்டாள். எல்லோரும் அல்டோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அல்டோ ஒரு வாய் குடித்தார். அவர் முகம் வெளுத்தது. சுவரோரம் வாளியோடு நின்ற ஃபெர்மினைப் பார்த்தார்.

அல்டோ கோப்பையை உயர்த்திப் பிடித்தார்.

"ஆமாம்மா, சாம்பல்தான். தெரிஞ்சேதான் ஊத்தினேன். மலை எரியறப்ப ஊரே ஓடிப்போச்சு. எங்க குடும்பம் ஓடல. மூணு நாள் புகைக்குள்ள நின்னு பறிச்ச பழம் இது. அதை நீங்க குடிக்கணும்னு நினைச்சேன்."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. எல்லோரும் அந்த ஒயினையே கேட்டு வரிசையில் நின்றார்கள்.

கூட்டம் கலைந்ததும் அல்டோ பின்கட்டுக்கு வந்தார். கோபமாகக்கூட இல்லை.

"எப்பலேருந்து மூக்கு போச்சு, ஃபெர்மின்?"

"தீக்கு அப்புறம், மொதலாளி. அந்த மூணு நாள்..."

"எங்கிட்ட மறைச்சிட்டியே. மூக்கில்லாத ஆளை வச்சு நான் என்ன பண்ண? அடுத்த சனிக்கிழமைக்குள்ள வீட்டை விட்டுடு." வாசலில் திரும்பி நின்றார். "அப்ப மூஞ்சில கட்டியிருந்தியே ஒரு துணி, இருக்கா? அதைக் குடுத்துட்டுப் போ."

நாலு தரம் துவைத்தும் கறை போகாத துணி. ஓட்டிலியா வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றும்போது, கூடத்து ஜன்னல் வழியாக ஃபெர்மினுக்கு அது தெரிந்தது. தாத்தா பெரெட்டினியின் படத்துக்குக் கீழே, ஆணியில் அவன் கைக்குட்டை. விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் குனிந்து அதை மோந்து பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டே நகர்ந்தார்கள்.

"இன்னும் புகை வாசனை வருதா அதுல?" என்று கேட்டான்.

"வருது," என்றாள் ஓட்டிலியா.